நீலமே இல்லாத நீலநாக்கு

எங்கள் தொழிலில் ஆட்டின் வாயைத் திறப்பது சுலபம். அதன் பிறகு நம் வாயைத் திறந்து பதில் சொல்வதுதான் கஷ்டம்.

நான் தாம்பரத்தில் ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் உதவி மருத்துவர். அங்கே வருவதெல்லாம் நாயும் பூனையும்தான். போன மழைக்காலத்தில் அனகாபுத்தூரிலிருந்து செம்மறி ஆடுகளுக்காக ஓர் அழைப்பு வந்தது. பெரிய டாக்டர் ஸ்கூட்டர் சாவியை என் பக்கம் தள்ளி, "நீயே போய்ட்டு வாம்மா" என்றார். வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி வேலைக்கு வந்தவர்களுக்கு, அந்த "நீயே" எவ்வளவு கனமானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்க்க வந்த கூட்டம்

ஆற்றோரத் தெருவில் சாந்தி அக்காவின் கொட்டகை. மந்தையில் மூன்று ஆடுகள் மட்டும் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. காய்ச்சல், வீங்கிய உதடு, ஒழுகும் மூக்கு, வாயெல்லாம் புண். ஒன்று நொண்டியது. "முள்ளு குத்திகினு வந்துச்சோன்னு நெனச்சேன்" என்றார் அக்கா. நான் ஒவ்வொரு வாயையும் இரண்டு தடவை பார்த்தேன். நீலநாக்கு நோயாக இருக்கலாம், ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடலாம், முடிவு வரும்வரை அதுதான் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம் என்றேன்.

பெயரைச் சொன்னதும் தெருவே கூடிவிட்டது. நாக்கு நீலமாவது சில ஆடுகளுக்குத்தான், பெரும்பாலும் சிவந்து வீங்கும், அவ்வளவுதான் என்று விளக்கிப் பார்த்தேன். டீக்கடையிலிருந்து ஓடி வந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு நிமிர்ந்தார். "இன்னா டாக்டரம்மா, செக்கச்செவேல்னு கீது. இதுக்கா டீய ஆறவுட்டு வந்தேன்?"

ஐந்தரை வருடம்

மூன்றில் ஒன்று சினை ஆடு. பெயர் ராணி. மறுநாள் காலையில் வியாபாரி வருவதாக இருந்தது. ராணி பிழைக்காது என்றால் மொத்த மந்தையையும் ஏற்றிவிட்டுத் தொழிலையே விட்டுவிடலாம் என்பது அக்காவின் கணவர் குமார் அண்ணாவின் முடிவு. வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. வலிக்கும் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும்தான் மருந்து, மற்றதெல்லாம் பராமரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா குறுக்கிட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். பொழைக்குமா, பொழைக்காதா?"

நான் நாலு விஷயம் தெரிந்தவளாக வேண்டும் என்றுதான் என் வீட்டில் எல்லோரும் உழைத்தார்கள். அதனால் 'தெரியாது' என்று சொல்லும்போதெல்லாம் அவர்களை ஏமாற்றுவது போல் இருக்கும். 'பிழைக்கும்' என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு நாக்கு எழவில்லை. "தெரியலக்கா. நாலு நாள் பாத்தாதான் சொல்ல முடியும். ஆனா சீக்கு ஆட்ட மட்டும் வித்துடாதீங்க, போற ஊருக்கும் நோய் போயிடும்" என்றேன். குமார் அண்ணா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியாதுன்னு சொல்றதுக்காம்மா அஞ்சரை வருசம் படிச்ச?"

பின்பக்க மூலை

மறுநாள் வியாபாரியின் வண்டி நிற்கும் என்று பயந்துகொண்டே போனேன். இல்லை. நாலாம் நாள் வரும்படி அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் நோய் வந்த மூன்று ஆடுகளையும் கொட்டகையில் காணவில்லை. பின்னால், சாக்கடையோரச் சேற்றில் கட்டியிருந்தார்கள். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர்தான் அங்கே தள்ளிக் கட்டச் சொன்னாராம்.

அவரே வந்தார். "டாக்டர், இது வைரஸ். இங்க குழந்தைங்க இருக்காங்க. ஸ்ப்ரெட் ஆகாதுன்னு டெஃபனட்டா சொல்ல முடியுமா?" முடியும் என்றேன். என் குரல் இவ்வளவு உறுதியாக வரும் என்று எனக்கே தெரியாது. மனிதர்களுக்கு இது வராது. கொசுவைவிடச் சின்னப் பூச்சி ஒன்று நோயுள்ள ஆட்டைக் கடித்துவிட்டு நல்ல ஆட்டைக் கடித்தால்தான் பரவும். அந்தப் பூச்சி பெருகுவது இந்தச் சேற்றில்தான். ஆடுகளுக்கு ஈரமில்லாத மேடான இடம் வேண்டும், நல்ல காற்றும் வேண்டும். காற்றடித்தால் அந்தப் பூச்சியால் பறக்க முடியாது. சொல்லிக்கொண்டே என் கண் அவர்களுடைய கார் நிறுத்துமிடத்தின் மேல் போய்விட்டது. அவர் பதறிவிட்டார். "பார்க்கிங்லயா? என் மாப்பிள்ளை ஒரு நாள் வண்டிய விட்டதுக்கே மீட்டிங் போட்டாங்க டாக்டர்!"

காற்று

அன்று மாலை குமார் அண்ணா, திருமுடிவாக்கத்தில் தான் வேலை செய்யும் பட்டறையில் சும்மா கிடந்த பெரிய ஸ்டாண்டு ஃபேனை முதலாளியிடம் கேட்டு ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார். ஆடுகளை முன்பக்கக் கொட்டகைக்கே மாற்றி, தரையைக் காயவைத்து, பூச்சி கிளம்பும் நேரத்துக்கு முன்பே ஃபேனைப் போட்டார்கள். அக்கா உப்புத் தண்ணீரில் வாய் கழுவிவிட்டு, ராணிக்குக் கஞ்சியைக் கையால் ஊட்டினார். எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தார். "எங்க வூட்டு ஃபேனு நின்னு ஒரு மாசமாச்சு. நானும் ஆடா பொறந்திருக்கலாம்."

நாலாம் நாள்

மூன்றாம் நாள், நோய் வந்த மூன்றில் இளங்கிடா செத்துப்போனது. திட்டு வாங்கத் தயாராகத்தான் மறுநாள் போனேன். வியாபாரியின் வண்டி தெருமுனையில் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கொட்டகையில் ராணி நின்றபடி அசை போட்டுக்கொண்டிருந்தது. உதட்டு வீக்கம் பாதி வடிந்திருந்தது. மற்ற ஆடுகளுக்குக் காய்ச்சல் இல்லை. அடுத்த மழைக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட்டுவிடலாம் என்றேன்.

"குட்டி நல்லபடியா பொறக்குமா?" என்று அக்கா கேட்டார். இந்த நோயில் குட்டிக்கும் ஆபத்து உண்டு. ராணியின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "தெரியலக்கா" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "தெரியும், நீ அதத்தான் சொல்லுவ. போன வருசம் வேற டாக்டரு ஒருத்தரு பொழைக்கும்னு அடிச்சு சொன்னாரு, ரெண்டு போச்சு. நீயும் அப்டி சொல்லியிருந்தீன்னா நம்பாம அன்னிக்கே அல்லாத்தையும் வித்துட்டிருப்பேன்."

ஐந்தரை வருடத்தில் எந்தத் தேர்விலும் மதிப்பெண் வாங்கித் தராத பதில்தான், இந்த வேலையில் எனக்கென்று ஒரு வாடிக்கையாளரைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.