அம்மிணி மறைத்த சுழி

குன்னத்துகாலில் ஆண்கள் சாமி படம் மட்டும் வரைந்த காலத்தில், ஆட்டையும் மாட்டையும் வரைய முதன்முதலில் தூரிகை எடுத்த பெண் அம்மிணி. விளக்குக்கரி, சுண்ணாம்பு, செங்கல் பொடி, தாழை வேரை நசுக்கிய தூரிகை. அவ்வளவுதான் அவள் சொத்து. நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தில் அவள் வரைந்த பூனைக்குப் பயந்து எலிகள் மூன்று மாதம் பட்டினி கிடந்தன. நான்காம் மாதம் அவை கூட்டமாக நெய்யாற்றைக் கடந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு, பிள்ளைகளே. கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பின்னாளில் அவள் பலகையோடு சந்தைக்கு வந்தால் மாட்டுத் தரகர்கள் ஒளிந்துகொள்வார்கள். அதற்குக் காரணம் ஒரு காளை.

அது அவள் அண்ணன் வேலாயுதனின் வண்டிக்காளை. அதன் முதுகில் இரண்டு பக்கமும் பாடைச் சுழி என்னும் மயிர்ச்சுழி. அந்தச் சுழி வீட்டுக்குள் சாவைக் கொண்டுவரும் என்பது ஊர் நம்பிக்கை. அம்மிணி காளையைப் பலகையில் வரைந்தபோது அண்ணன் சொன்னான்:

"எடீ, மாட்டுக்கு நான் சாக்கு போத்தியாச்சு. படத்துல நீ மறச்சிரு."

அவள் மறைத்தாள்.

ஐம்பத்துநாலில், தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலங்கள் நடந்தன. ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டியோடு போன வேலாயுதன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தான். அம்மிணி அழவில்லை. கஞ்சி குடித்தாள், முற்றம் பெருக்கினாள். துடைப்பம் பிடித்த கை வேறு யாருடையதோ என்றிருந்தது.

பன்னிரண்டாம் நாள் சேதி வந்தது. கேட்பாரற்ற மாடுகளை அடைக்கும் பவுண்டில் காளை நிற்கிறது. தரகன் தங்கப்பன் அதைத் தன்னுடையது என்கிறான். அண்ணன் விட்டுப்போனது அது ஒன்றுதான். அம்மிணி பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பவுண்டு எழுத்தர் படத்தையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "படத்துல சுழி இல்லியே. இது வேற மாடாக்கும்."

அம்மிணி மாட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கரித்துண்டை எடுத்துப் படத்தில் இரண்டு சுழிகளைப் போட்டாள். "இருந்துது, சாரே. மறச்சது நானாக்கும்."

தங்கப்பன் பொறுக்கமாட்டாமல் கத்தினான்: "இது ஊருக்கே தெரிஞ்ச சுழியில்லா, சாரே! வேலாயுதனைக் கொண்டுபோன சுழி!"

"கொண்டுபோனது சுழியில்ல. குண்டாக்கும்" என்றாள் அம்மிணி.

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "எலே தங்கப்பா, அப்பம் இது யாருக்க மாடுலே?"

தங்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனான்.

கயிற்றை அவிழ்த்தபோது காளை அவள் கையை நக்கியது. நாக்கின் சொரசொரப்புத் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. படத்தில் இடப்பக்கச் சுழியை ஒரு விரல் மேலே போட்டுவிட்டோம் என்பது மட்டும் கண்ணில் பட்டது. பலகையைத் தரையில் வைத்து, முந்தானையால் அழித்து, சரியான இடத்தில் மறுபடி வரைந்தாள்.