தோற்றதை எழுதி வைத்தவர்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தோற்றுப்போன சோதனையை யாரும் எழுதுவதில்லை. திருப்பதியில் மட்டுமல்ல, நான் பார்த்த எல்லா வேதியியல் கூடங்களிலும் இதே லட்சணம்தான். நினைத்த பொருள் வந்தால் பக்கம் பக்கமாக எழுதுவோம். வராவிட்டால் குறுக்கே ஒரு கோடு. நானும் கோடு போட்டவள்தான், யோக்கியம் பேசும் தகுதி எனக்கு இல்லை.

ஒருவர் மட்டும் எழுதினார். எனக்கு இரண்டு வருடம் சீனியர், நகரியில் விசைத்தறி ஓட்டும் தமிழ்க் குடும்பம். நான் சத்தியவேடு பக்கம். தெலுங்கு பேசுகிறவர்களுக்கு நடுவே தமிழ் பேச ஆள் கிடைத்ததும் அண்ணா என்று ஒட்டிக்கொண்டேன். அவருடைய ஆராய்ச்சி முழுவதும் ஒரே ஒரு வினையில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படியைத் தாண்டினால் டாக்டர் பட்டம். ஆறு வருடம் முயன்றார், தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் எடை, வெப்பம், நேரம் எல்லாம் நோட்டில் ஏறும். அன்றைக்கு மழை பெய்ததா என்பதுகூட ஏறும்.

"இதையெல்லாம் யாருண்ணா படிக்கப் போறாங்க?" என்று கிண்டல் செய்வேன்.

"நான் படிப்பேம்மா" என்பார்.

எங்கள் பேராசிரியருக்கு ஒரே மந்திரம், தண்ணீர்தான் எதிரி. பொருள்களைக் கரைக்கும் திரவத்தில் துளி ஈரம் இருந்தாலும் வினை கெட்டுவிடும் என்பார். அதனால் அந்தத் திரவத்தைச் சோடியமும் ஒரு நிறங்காட்டியும் போட்டுக் கொதிக்கவைத்து வடிப்போம். ஈரம் போகப் போக நீல நிறம் ஏறும். சோடியம் தீப்பிடிக்கக் கூடியது, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். நாங்களெல்லாம் இளநீலம் தெரிந்ததும் இறக்கிவிட்டு கேன்டீனுக்கு ஓடுவோம். அவர் பேனா மை மாதிரி ஆகும்வரை அசையமாட்டார். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேராசிரியர் எங்களைத் திட்டுவார்.

கடைசியில் உதவித்தொகை நின்றது. பட்டம் இல்லாமலேயே சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் சோதனைக்கூட வேலைக்குப் போனார். நோட்டுகளை என் அலமாரியில் வைத்துவிட்டார். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து நன்றாக அழுதேன்.

பட்டம் வாங்கி, சில வருடம் கழித்து அதே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ரசாயனங்களைத் தானே அளந்து கலக்கும் இயந்திரம் வந்தது. கூடவே, பழைய சோதனைகளைப் படித்து, அடுத்து எதைச் செய்யலாம் என்று சொல்லும் கணினி. வெற்றியை மட்டும் காட்டினால் அதற்கு ஒன்றும் விளங்காது. எதெல்லாம் வராது என்றும் தெரிய வேண்டும். எல்லோரிடமும் கேட்டேன், எல்லோரிடமும் கோடுகள்தான் இருந்தன. அண்ணனுக்குப் போன் செய்தேன். "எட்துக்கோம்மா, உனக்காச்சும் ஆவட்டும்" என்றார். நோட்டுகளை உட்கார்ந்து கணினியில் ஏற்றினேன்.

அது சொன்ன யோசனை, கொஞ்சம் தண்ணீர் சேர்க்கலாம் என்பது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நோட்டைப் புரட்டினேன். காற்றில் ஈரம் இருக்கும் மழை நாட்களில் மட்டும் அவருக்கு இத்துனூண்டு பொருள் வந்திருந்தது. அது வெறும் அழுக்காக இருக்கும் என்று அவரே பக்கத்தில் எழுதியிருந்தார். இயந்திரம் இரண்டு துளி விட்டது. மறுநாள் காலை பொருள் வந்துவிட்டது. வினையைத் தூண்டும் உப்பு கரைவதற்கே அந்த ஈரம் தேவைப்பட்டிருக்கிறது.

இன்று வெளிநாட்டுக் கூடங்கள்கூட அந்த முறையை எடுத்துச் செய்கின்றன. எங்கள் மாணவர்கள் தோல்வியையும் எழுதியாக வேண்டும். கட்டுரையில் அண்ணன் பெயர் இருக்க வேண்டும் என்று பேராசிரியரிடம் சண்டை போட்டேன். இரண்டாவது பெயராக வந்தது. கட்டுரையை அச்சடித்து எடுத்துக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினேன். அவர் இழந்த ஆறு வருடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில், "துன்னியாம்மா?" என்று கேட்டார். கட்டுரையை வாங்கியவர் பெயரைப் பார்த்தார், அங்கே நிற்கவில்லை. அட்டவணைப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

"தண்ணியா?"

"ரெண்டே துளிண்ணா. உங்க நோட்டு இல்லன்னா கண்டுபுடிச்சே இருக்க முடியாது."

"உங்கள மாதிரி நானும் அரகொறையா வடிச்சிருந்தா எனக்கு வந்திருக்குமா?"

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேதியியல் படித்த திமிர், "வந்திருக்கும்ணா" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"நைனாவுக்கு நெஞ்சு வலின்னு நகரிலேர்ந்து போன் வந்துச்சு. சோடியம் கொதிச்சிக்கினு இருந்திச்சு. அடுப்ப அணைச்சிட்டு ஓடியிருக்கலாம். நீலம் நல்லா ஏறட்டும், இந்த வாட்டி வந்துரும்னு ரெண்டு மணி நேரம் நின்னேன். நான் போறதுக்கு அரை மணி முந்திதான் உசிரு போச்சாம்."

அவருடைய அப்பா இறந்தது எனக்குத் தெரியும். அண்ணன் எதற்காக நின்றார் என்பது தெரியாது.

"அந்தத் தண்ணிய எடுக்கத்தாம்மா நின்னேன்" என்றார். கட்டுரையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.