நிலவழகன் போன் ஆன காலை

குழந்தை ராத்திரி நனைத்த விரிப்பை அலசிப் பிழிந்து கொடியில் போடுவது இந்த ஒரு மாதமாக நிலவழகன் வேலை. குவைத்தில் ஏசிக் குழாய் மாட்டுகிறவன். நாற்பது நாள் லீவில் வல்லத்திராக்கோட்டைக்கு வந்தான். இன்னும் ஒன்பது நாள்தான் மிச்சம். மனைவி பரிமளா ஜவுளிக்கடை வேலைக்கு எட்டேகால் பஸ்ஸில் புதுக்கோட்டை போய்விடுவாள். வழக்கமாகத் தன் அக்கா வீட்டில் விடுகிற பிள்ளையை இப்போது இவனிடம் விட்டிருந்தாள்.

மகள் அறிவுமதிக்கு ரெண்டரை வயது. சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வாள், கழுவிவிட்டால் நிற்பாள். கூப்பிட்டால் மட்டும் வரமாட்டாள். தூக்கினால் கட்டை மாதிரி விறைத்துக்கொள்வாள். லீவு முடிவதற்குள் ஒரே ஒரு தடவை அவளாகத் தன்னிடம் வந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

அதற்காக அவன் படாத பாடில்லை. ஏர்போர்ட்டில் வாங்கிய பேட்டரி ஜீப்பைத் தினமும் ஓட்டிக் காட்டினான். படம் போட்ட அட்டைகளைப் பரப்பி, யானை சொல்லு, மயில் சொல்லு, அப்பா சொல்லு என்று கெஞ்சினான். பிள்ளை பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. முந்தாநாள் பரிமளா தலை வாரிக்கொண்டே சொன்னாள்: "வாத்தியார் வேலைக்கா லீவு போட்டு வந்தீங்க? அவ வெளையாடுவா. நீங்க சும்மா இருங்க, போதும்."

சும்மா இருப்பது அவனுக்குப் பழகாத வேலை. ஆனால் இன்றைக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. விரிப்பைக் காயப்போட்டுவிட்டு வந்து கூடத்தில் அப்படியே சரிந்தான். அட்டை எடுக்கவில்லை, ஜீப்பைத் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. இழுத்த பக்கமே நகர்ந்தான். அரிசி டிரம்மில் முதுகு சாய்த்து அவனை உட்காரவைத்தாள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் கன்னத்தில் ஒரு விரலை அழுத்தி, "அலோ" என்றாள்.

அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. சாயங்காலம் குவைத்திலிருந்து அவன் வீடியோ காலில் வரும்போது பரிமளா போனைச் சாய்த்துவைக்கிற இடம் இதுதான். பிறந்ததிலிருந்து பிள்ளை அப்பாவைப் பார்த்தது இந்த டிரம்மில்தான்.

"அப்பா இங்கனதானடா இருக்கேன்" என்று ரெண்டு கையையும் நீட்டினான். அவள் முகம் சுருங்கியது. போனுக்கு ஏது கை? எழுந்து பீரோவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கால் மரத்தது. ரொம்ப நேரம் கழித்து அவளே வந்து மறுபடி கன்னத்தை அழுத்தினாள். இந்தத் தடவை கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். கவுனைக் காட்டினாள், பார்த்தான். காலி டம்ளரை அவன் வாயில் வைத்தாள், குடித்தான். "டவர் இல்ல" என்றாள். சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தான். அவள் சிரித்தாள். அவன் முன்னால் அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

அவன் மூக்கை அவள் அழுத்தினால் போன் கட். அது தெரியாமல், அழுத்திய பிறகும் "பாப்பா" என்றுவிட்டான். "கட் ஆச்சு" என்று அவன் வாயைப் பொத்தினாள். பிஸ்கட் வாசனை. அந்தக் கையை எடுக்கிறவரை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான்.

பத்துப் பதினைந்து தடவை போன் போட்டாள், கட் பண்ணினாள். அவனுக்குக் கண் சொருகியது, இடுப்பு கழன்றது. கடைசியாக மூக்கை அழுத்திவிட்டு எழுந்து நடந்தவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நாளைக்கு வருவியா?"

வருவேன் என்பது தொண்டைவரை வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒன்பது நாளும் வந்தது. கட் ஆன போன் வாய் திறந்தால் விளையாட்டு கெட்டுப்போகும். உதட்டை இறுக்கிக்கொண்டு டிரம்மில் சாய்ந்தபடி இருந்தான்.

அவள் நிலையை விட்டுவிட்டு வெளியே போனாள்.