காதர் அண்ணன் வண்டியைக் கெடுக்கவில்லை

காதர் மைதீன் இறந்த செய்தியை என்னோடு முன்பு வேலை பார்த்த நர்ஸ் பார்வதி சிஸ்டர் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் சொன்னார். மதுரை பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். "ஏட்டி, ஒனக்கு விஷயம் தெரியாதா? நம்ம டிரைவர் காதர் போயிட்டாரு. காலைல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவருதான்." மதுரை பஸ் கிளம்பிப் போனது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருவரும் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினோம்.

காதர் அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எங்கள் பழைய அறக்கட்டளையின் செயலாளரும் வந்திருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "நல்ல மனுசன்தான். என்ன, அந்த வண்டிய மட்டும் கவனிக்காம விட்டுக் கெடுத்துப்புட்டாரு." கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் காதர் அண்ணனின் மனைவி அமர்ந்திருந்தார். உடலை இன்னும் எடுக்கவில்லை.

அந்த வாக்கியம் பொய். அதை மறுக்கக்கூடிய ஒரே ஆள் நான். அந்த வண்டியில் வைத்தியம் பார்த்துக்கொண்ட சுந்தரபாண்டியத்து மக்களுக்கும், ஆலங்குளத்து, தேவதானத்து மக்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் அந்த நடமாடும் மருத்துவ வண்டியில் மருந்து கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய டீசல் பஸ் அது. இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு கட்டில், மருந்து அலமாரி, தண்ணீர்த் தொட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை கிளம்பினால் வியாழக்கிழமைதான் திரும்புவோம். டாக்டர் காலையில் ஜீப்பில் வந்து போவார். சிஸ்டரும் நானும் வண்டிக்குள்ளேயே சமைத்து, வண்டிக்குள்ளேயே தூங்கினோம். ஊர்க்காரர்கள் அதை 'வீட்டு வண்டி' என்றார்கள். காதர் அண்ணன் கூரைமேல் ஏறிப் படுத்துக்கொள்வார். "ஒங்களுக்கு என்ன, கீழ் வீடு. மாடி போர்ஷன் நமக்குத்தான்" என்பார்.

ஒரு கோடையில் அந்த வண்டிக்கு இழுவை போய்விட்டது. கிளம்பும்போது நன்றாக இருக்கும். அரை மணி நேரம் ஓடியபின் மெல்ல மெல்லத் தளரும். தேவதானத்தைத் தாண்டி மலையடிவாரத்து ஏற்றத்தில் நடந்து போகிறவர்கள் எங்களை முந்திப் போனார்கள். நிறுத்திவிட்டுச் செத்த நேரம் கழித்துக் கிளப்பினால் மறுபடி இழுக்கும். அறக்கட்டளை ஒரு இன்ஜினியரை வரவழைத்தது. இன்ஜெக்டர்களை மாற்றினார்கள். பம்ப்பைக் கழற்றிச் சரிபார்த்தார்கள். ஃபில்டரும் புதிது. ஒன்றும் மாறவில்லை.

அந்த இன்ஜினியர் வண்டியைச் சுற்றி வந்தார், திறந்து பார்த்தார், எழுதிக்கொண்டார். தினமும் அதை ஓட்டுகிறவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காதர் அண்ணன் தானாகவே போய்ச் சொன்னார்.

"அரை மணி நேரம் நல்லா ஏறும் சார். பொறவுதான் மூச்சு வாங்குது. செத்த நேரம் நிப்பாட்டுனா சரியாயிரும்."

"எஞ்சின் தேஞ்சு போச்சுய்யா. நீ மிதிச்ச மிதி அப்படி."

"தேஞ்சது, நிப்பாட்டுனா வளந்துருமா சார்?"

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இன்ஜினியர் சிரிக்கவில்லை. எஞ்சின் தேய்ந்துவிட்டது, ஓட்டுநரின் முரட்டுத்தனமே காரணம், வண்டியைக் கழித்துவிடலாம் என்று அறிக்கை எழுதினார். ஊர்களுக்கு இனி வண்டி போகாது என்று பேச்சு அடிபட்டது.

நோயாளி வந்தால் எப்போதிருந்து, எந்நேரத்தில், எதனால் குறைகிறது என்று கேட்காமல் எங்கள் டாக்டர் ஒரு மாத்திரை எழுதியதில்லை. காதர் அண்ணன் நான்கு வருடம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர். "சீக்காளிகிட்ட ஒரு வார்த்தை கேக்காம மருந்து எழுதுதாரே தாயி" என்று என்னிடம் பொருமினார். பிறகு ஓடும் வண்டியின் பின்பக்கப் புகையைப் பார்க்கச் சொன்னார். புகையே இல்லை. "அதிகமாத் தின்னா கரும்புகை கக்கும். இது கக்கவே இல்ல பாத்தியா? பட்டினி கெடக்கு. டீசல் வந்து சேரல."

அதை நிரூபிக்க அவர் கேட்டது எங்கள் எனிமா குழாயை. சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒம்ம வண்டிக்கு எனிமா வேற குடுக்கணுமாக்கும்!" "குடுத்துத்தான் பாப்போமே சிஸ்டர்." டேங்கிலிருந்து வரும் பைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கேனில் நல்ல டீசலை ஊற்றி, அந்த ரப்பர் குழாய் வழியாக நேரே எஞ்சினுக்கு விட்டார். கேனை மடியில் அணைத்துக்கொண்டு எஞ்சின் மூடியை ஒட்டி நான் உட்கார்ந்தேன். முதலில் சமவெளியில் அரை மணி நேரத்துக்குமேல் ஓட்டினார். இரண்டு முறை நிறுத்திக் கேனை நிரப்பினோம். தளரவில்லை. அதே தேவதானத்து ஏற்றத்தில் விட்டார். வண்டி ஏறியது. கீழே நின்ற கூட்டம் கை தட்டியது. அவர் திரும்பிப் பார்க்காமல், "எஞ்சினு தேஞ்சிருச்சாம்ல" என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியம் டேங்கைத் திறந்தார். டீசலை உறிஞ்சும் குழாயின் வாயருகே ஏதோ மிதந்தது. எஞ்சின் இழுக்க இழுக்க அது வாயில் போய் அடைத்துக்கொள்ளும். நிறுத்தினால் விலகிவிடும். கையை விட்டு எடுத்தார். வெள்ளை நூல் பிசிறுகள் திரண்ட ஒரு பந்து.

அது என் கைவேலை. எங்கள் பக்கம் கட்டுத்துணிக்குக் குறைவே இல்லை. ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள தறிகளிலிருந்து கழிவுத் துண்டுகள் மூட்டையாக வண்டிக்கு வரும். பால் வடிகட்டுவதும் அதில்தான், பானைக்கு வாய் கட்டுவதும் அதில்தான். வண்டி நிறுத்தும் கொட்டகையில் இருந்த பீப்பாய் டீசலில் துரு வருகிறது என்று யாரோ சொன்னார்கள். திங்கள்தோறும் ஒரு துண்டு வெட்டிப் புனலுக்குள் விரித்து டீசலை வடிகட்ட ஆரம்பித்தேன். எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. வெட்டிய ஓரம் பிரிந்து நூல் நூலாக உள்ளே போவதை நான் யோசிக்கவில்லை.

காதர் அண்ணன் அந்தப் பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வண்டிக்கே கட்டுப் போட்டுட்டியே தாயி" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுக் கையை மூடிக்கொண்டார்.

செயலாளருக்கு வண்டி பிழைத்தது பெரிதாகப் படவில்லை. எழுதி வாங்கிய அறிக்கை பொய்யாகிவிட்டதே என்பதுதான் பெரிதாகப் பட்டது. "டேங்குக்குள்ள குப்பை போனது யார் கவனக்குறைவு?" என்று கேட்டார். அப்போது நான் தற்காலிக ஊழியை. என் வீட்டு நிலைமையை இங்கே விரிக்க விருப்பமில்லை. காதர் அண்ணனுக்கு அது தெரியும். "டேங்கைக் கழுவாம விட்டது எம்பொறுப்பு சார்" என்றார். இரண்டடி தள்ளி நின்ற நான் தரையைப் பார்த்தேன்.

நோயைக் கண்டுபிடித்தவரை நோய்க்குக் காரணம் என்று வெளியே அனுப்பினார்கள். தேய்ந்துபோனதாகச் சொன்ன அதே எஞ்சினோடு அந்த வண்டி இன்னும் பல வருடம் ஊர் ஊராக ஓடியது. இன்ஜினியரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காதர் அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். கெட்ட பெயர் அங்கேயும் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம் "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்பார். நான் எப்படி இருக்கிறேன் என்பதை அடுத்ததாகத்தான் கேட்பார். அந்த விஷயத்தை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை. அதை அவருடைய பெருந்தன்மை என்று எனக்கு நானே பெயரிட்டு வைத்துக்கொண்டேன். அப்படிப் பெயரிட்டது எனக்கு வசதியாக இருந்தது.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். முதலில் அவர் மனைவியிடம், எங்கள் மதினியிடம், சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். கட்டுத்துணி, புனல், நூல் பந்து, எல்லாவற்றையும் சொன்னேன். மதினி அழவில்லை. நான் முடித்ததும் சொன்னார்:

"எனக்குத் தெரியும் தாயி. அவிய அன்னைக்கே சொல்லிட்டாவ. ஒர்க்‌ஷாப்புல எவனாச்சும் அந்த வண்டிப் பேச்ச எடுத்தா, அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எறங்காது. ஒரு நாளு நீ வந்து சொல்லிருவேன்னு நெனச்சாவ. எட்டு வருசம். எம்புட்டு நாளு தாயி எட்டு வருசம்? அவிய உசுரோட இருக்கையில வந்திருக்கலாம்ல?"

செயலாளரின் மேல் எனக்கிருந்த கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பந்தலில் அவர் சொன்ன பொய்க்கு இத்தனை வருடம் உயிர் கொடுத்து வைத்திருந்தவள் நான். இதன் ஒரு படியை என் கையெழுத்தோடு அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

காதர் அண்ணன் கொடுத்ததென்று என்னிடம் இருப்பது மருந்துப் பொட்டலம் போல மடித்த ஒரு காகிதம். வேலையை விட்டுப் போன அன்று என் கையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே அந்த நூல் பந்து, இன்னும் டீசல் வாடை போகாமல். அதை ஞாயிறன்று மதினியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஒன்னோடதுதானே, நீயே வச்சுக்கோ" என்றார்.