மூச்சுக்கு ஒரு மார்க்

"சனிக்கிழமை. மழை. மாமா பாட்டு, கடைசி முடிவு."

என் கையெழுத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவு இதுதான். எங்கள் கிறிஸ்தவக் கோவிலின் ஓய்வுநாள் பள்ளி வினாத்தாள் ஒன்றின் பின்பக்கம். மொழி தமிழ், எழுத்து தேவநாகரி. அப்போது எனக்குத் தமிழ் எழுத வராது. எங்கள் சந்தில் என் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் வராது. ஆகஸ்ட் என்று மாதம் இருக்கிறது. தேதி இருந்த மூலையை ஈரம் தின்றுவிட்டது. வருடத்தை நான் எழுதவே இல்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு அது எந்த வருடம் என்பதில் சந்தேகம் வருமா என்ன?

தாராவியில் எங்கள் பகுதியில் எது எப்போது நடந்தது என்று சில காலமாகக் குறித்துவருகிறேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டபின் மிஞ்சும் நேரத்தில் செய்வது. யாரிடம் கேட்டாலும் வருடம் சொல்வதில்லை. "பெரிய மழைக்குப் பொறவு" என்பார்கள். "எங்க மூத்தவ சடங்கான வருசம்" என்பார்கள். "பைப்பு மாத்துனாம்லா, அப்பம்" என்பார்கள். பைப்பு மாற்றியது எப்போது என்றால் மூத்தவள் சடங்கான வருடம் என்பார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு மாறுதலுக்காக என் வீட்டுக் காகிதத்தையே எடுத்து வைத்துக்கொண்டேன். அதுவும் அவர்களைப் போலவே பேசுகிறது.

காகிதத்தில் இருப்பது மாமாவின் ஏழு பாட்டுகள், எனக்குப் பிடித்த வரிசையில்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறையில் வேலை. எங்கள் ஒற்றை அறைக்கு மேலே பலகை அடித்த தட்டில் படுக்கை. ராப் பாடுவார். பாட்டு பம்பாய் ஹிந்தியில் ஓடும். நடுவில் எங்கள் வீட்டுத் தமிழ் வந்து விழும். சந்துக்கு ஒருவர் ராப் பாடிக்கொண்டிருந்த காலம் அது, அதனால் ஊருக்கு அவர் ஒரு பொருட்டில்லை. எனக்கு உலகத்திலேயே பிடித்த பாடகர் அவர்தான். மற்ற பாடகர்கள் யாரும் எனக்கு வடாபாவில் பாதி பிய்த்துத் தந்ததில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தட்டில் உட்கார்ந்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஃபோனில் பதிவு செய்வார். அந்த நேரத்தில் கீழே யாரும் பாத்திரத்தைப் போடக்கூடாது. போடாமல் இருந்த நாளே கிடையாது.

அந்த ஆகஸ்டில் செம்பூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர், ஒரே ஒரு பாட்டுக்குக் காசு வாங்காமல் வீடியோ எடுத்துத் தருவதாக மாமாவிடம் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும், எந்தப் பாட்டு என்று முடிவுசெய்துகொண்டு வரவேண்டும். அப்பா அதற்கு ஒரு எல்லை வைத்தார். மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டும் வேலைக்கு அவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்.

"மாப்ள, ஒரு பாட்டு. நடந்துட்டுன்னா ஒம் பாடு. நடக்கலன்னா திங்கக்கிழம மாட்டுங்கா. அங்க ஒரு பாடும் கெடையாது. நீ சும்மா நின்னாப் போதும், அதுவே ஏறும், அதுவே எறங்கும்."

"அத்தான், ஏறி ஏறி நான் எங்க போய்ச் சேருவேன்?"

"நாலாவது மாடி."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பட்டறைத் தூசியிலிருந்து தம்பி வெளியே வந்தால் சரி, பாட்டாக இருந்தாலும் லிஃப்டாக இருந்தாலும் என்று இருந்தாள். ஆனால் மாமாவுக்கு இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்கே தெரிந்தது. அந்த வாரம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மழையில் பட்டறைக்குள் தண்ணீர் ஏறி, மாமா சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். ஃபோனை என் கையில் கொடுத்தார்.

"ஏட்டி, நீதான் ஜட்ஜு. ஒனக்குப் பிடிச்ச வரிசையில போடு. மாமன்னு பாக்காத."

பார்க்கவில்லை. ஜட்ஜு என்றால் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்: ஓய்வுநாள் பள்ளிப் பாட்டுப் போட்டிக்கு மார்க் போடும் பாட்டு மாஸ்டர். உச்சரிப்புக்கு மார்க், தாளத்துக்கு மார்க், பார்க்காமல் பாடினால் மார்க். எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம் மூச்சு. வரி முடியும் முன்னால் நடுவில் மூச்சு எடுத்தால் ஒரு மார்க் போச்சு. மாஸ்டர் வாயால் சொல்லமாட்டார், மேசைமேல் ஒரு விரலைத் தூக்குவார். அந்த விரலுக்குப் பயந்து நாங்கள் முகம் வீங்க, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் கோக்கக் கர்த்தரைத் துதிப்போம். மூன்றாம் பரிசாகச் சோப்புப் பெட்டி வாங்கியவள் நான். மூச்சு விஷயத்தில் யாருக்கும் இரக்கம் காட்டும் நிலையில் இல்லை.

ஆகவே ஏழு பாட்டையும் அந்தச் சட்டப்படி கேட்டேன். பெயருக்கு எதிரே மூச்சுக்கு ஒரு கோடு.

முதல் இடம் லோக்கல் பாட்டு, பம்பாய் லோக்கல் ரயிலைப் பற்றி. பெயர்களெல்லாம் நான் வைத்தவை. அந்தப் பாட்டின் நடுவில் மாமா ஹார்பர் லைன் ஸ்டேஷன்களை ஒரே மூச்சில் சொல்லுவார்: மான்குர்த், கோவண்டி, செம்பூர், திலக் நகர், குர்லா, சுனாபட்டி என்று கடைசிவரை, வண்டி எங்கும் நிற்காமல். கோடே இல்லை. இரண்டாவது தண்ணி லைன் பாட்டு. மூன்றாவது சாவிப் பாட்டு, சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவனைப் பற்றி. அப்புறம் என் தம்பி பிறந்ததற்கு ஒன்று, பிளாஸ்டிக்கைப் பற்றி ஒன்று, நாக்கா நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரரைப் பற்றி ஒன்று. இறங்க இறங்கக் கோடுகள் கூடிக்கொண்டே போகின்றன.

கடைசி இடம் சும்மா பாட்டு. அதில் ஒன்றும் நடக்காது. ஒருவன் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்க்கிறான், அவ்வளவுதான். வரிக்கு வரி நிறுத்துகிறார். சில இடத்தில் வரி நடுவிலேயே நிறுத்தி, காற்றை இழுத்து, பிறகு சொல்லுகிறார். கோடுகளுக்கு இடம் போதாமல் காகித ஓரத்தில் திரும்பி மேலே ஏறியிருக்கிறேன்.

மாமா காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"என்னட்டி, நம்ம பாட்டு கடைசியில கெடக்கு?" அதைத்தான் செம்பூருக்குக் கொண்டுபோவது என்று அவர் மனதில் வைத்திருந்தார்.

"நடுவுல நடுவுல மூச்சு எடுக்கீங்க மாமா. மாஸ்டர் கேட்டா வெளிய அனுப்பிருவாரு."

"நான் என்ன கீர்த்தனையா படிக்கேன்?"

"எது படிச்சாலும் மூச்சு மூச்சுதான்."

மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள். "ஏலே, எனக்கு அந்தச் சும்மா பாட்டுதான் பிடிச்சிருக்கு. மத்ததுலல்லாம் ஒன்ன யாரோ வெரட்டுத மாதிரி ஓடுத. இதுல ஒக்காந்து பேசுத."

"ஒனக்கு ஹிந்தியே புரியாது யக்கா."

"ஓடுதவன் யாரு, ஒக்காந்திருக்கவன் யாருன்னு தெரியதுக்கு ஹிந்தி வேணுமால?"

மாமா மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். அவர் பாட்டுப் பெயர்களைப் பார்க்கவில்லை என்பது எனக்கு இப்போது நினைவிருக்கிறது. அவருடைய விரல் கோடுகளின் மேலேயே இறங்கியது, மேலிருந்து கீழாக, மெதுவாக. போலீஸ் பாட்டில் நின்றது.

"இதுல இத்தனையா? சரியா எண்ணுனியா?"

எண்ணினேன் என்றேன். நம்பாதவர்போல அந்தப் பாட்டைத் திரும்பப் போட்டு, என்னை மறுபடியும் எண்ணச் சொன்னார். ஜட்ஜின் மேல் சந்தேகமா என்று எனக்குக் கோபம். எண்ணிக்கை மாறவில்லை. காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"சரி. லோக்கலே எடுப்போம்."

"நீ மத்ததுன்னுல்லா சொல்லிட்டிருந்த?" என்றாள் அம்மா.

"ஜட்ஜு சொல்லியாச்சுல்லா."

அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும், கோவிலுக்குப் போட்ட உடுப்போடே என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா மிளகு போட்ட கடுங்காப்பி கொடுத்தாள். பட்டறைத் தூசிக்கு அதுதான் மருந்து. சந்தில் இருமாதவர்களும் குடிப்பார்கள். சுனாபட்டி வரை நடந்து போய் ரயில் பிடித்தோம்.

செம்பூரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. ஏசி போட்டிருந்தது. வீடியோக்காரர் நல்ல மனிதர், எனக்கு பிஸ்கட் கொடுத்தார். கேமராவைத் திருப்புவதற்கு முன்னால் ஒருமுறை முழுதாகப் பாடிக் காட்டச் சொன்னார்.

மாமா தொடங்கினார். நன்றாகத்தான் போனது. ஸ்டேஷன்கள் வந்தன. மான்குர்த் போனது, கோவண்டி போனது, நாங்கள் நின்றிருந்த செம்பூர் போனது. சுனாபட்டியையும் தாண்டி, வடாலாவில் இருமல் வந்தது. இரண்டாம் தடவை குர்லாவையே தாண்டவில்லை. மூன்றாம் தடவை கோவண்டியில் நின்றுவிட்டார். குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஏசிதான் மாமா," என்றேன் மெதுவாக. பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. "சும்மா பாட்டு படிங்க மாமா. அது லேசுதான்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் இருந்தது. இருமினால் யாருக்கும் வரும்.

"அது கடைசி ரேங்குல்லாட்டி," என்றார். சிரித்தார்.

எத்தனை நாளாக இந்த இருமல் என்று வீடியோக்காரர் ஹிந்தியில் கேட்டார். தூசி என்றார் மாமா. தொண்டை சரியானதும் வா, நான் எங்கே போகப்போகிறேன் என்றார் அவர். நாங்கள் போகவில்லை.

திரும்பும்போது சுனாபட்டி பிளாட்பாரத்திலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். எதற்கென்று கேட்டேன். சும்மா என்றார். வண்டிகள் வந்தன, போயின. அடுத்த ஸ்டேஷன்களின் பெயரை ஒலிபெருக்கியில் ஒரு பெண் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவளுக்கும் எத்தனை மார்க் குறையும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மாமா மாட்டுங்காவுக்குப் போனார். பிறகு ஆஸ்பத்திரி, நெஞ்சுப் படம், மாதக்கணக்கில் மாத்திரை. அவருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வந்தன. லிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தருகிற மரியாதை என்று நினைத்தேன். என்னை மேலே பலகைத் தட்டுக்கு ஏறவேண்டாம் என்றார்கள். பிறகு குணமானார். வருத்தப்படும்படி எதுவும் நடக்கவில்லை. அவர் பாடுவது மட்டும் நின்றது; கல்யாணம் ஆனால் எல்லாருக்கும் நிற்பதுதானே என்றார்கள். அந்த லிஃப்டும் ஆள் வேண்டாத லிஃப்டாக மாறிவிட்டது. இப்போது அதே கட்டடத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு.

போன மழைக்காலத்தில் பழைய மெமரி கார்டு கிடைத்தது. ஏழு பாட்டும் இருந்தன. தேதி இருக்கும் என்று ஆசையோடு பார்த்தேன். அந்த ஃபோனில் பேட்டரியைக் கழற்றும்போதெல்லாம் கடிகாரம் தொடக்கத்துக்கே போய்விடும். ஏழும் ஒரே நாளில் பதிவானதாகச் சொல்கிறது. ஆகவே பின்னால் கேட்கும் வீட்டுச் சத்தங்களை வைத்து வரிசைப்படுத்தினேன். லோக்கல் பாட்டில் எங்கள் பழைய மிக்ஸியின் கதறல். தண்ணி லைன் பாட்டில் புது மிக்ஸி, சாவிப் பாட்டில் அதுவும் கடகடக்கத் தொடங்கியிருந்தது. நான்காவதில் தம்பியின் கைக்குழந்தை அழுகை. அவனுடைய ஞானஸ்நானச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறது. ஐந்தாவதில் அவன் அம்மாவைக் கூப்பிடுகிறான். ஆறாவதில் எதையோ வேண்டாம் என்கிறான்.

பல மாலைகள் போயின. கடைசியில் வந்த வரிசை என் காகிதத்தில் இருந்த வரிசையே. எனக்குப் பிடித்த வரிசை என்று நான் போட்டது, ஆறு பாட்டு வரைக்கும், அவை பதிவான வரிசை. பழையது முதலில், புதியது கீழே. நான் ரசனை என்று நினைத்துப் போட்ட கோடுகள் மாமாவின் நெஞ்சு போன வழி. ஆஸ்பத்திரிக்கு முன்னாலேயே அதை அவர் விரலால் தடவிப் பார்த்தார். நான் எண்ணிச் சொன்னேன், இரண்டு தடவை.

ஏழாவதுதான் மிச்சம். சும்மா பாட்டில் வீட்டுச் சத்தமே இல்லை. மிக்ஸி இல்லை, தம்பி இல்லை, பாத்திரம் இல்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது பதிவாகியிருக்கிறது. நாங்கள் மாமாவை விட்டுவிட்டு ஊருக்குப் போனது அந்தக் காலத்தில் இரண்டே தடவை என்கிறாள் அம்மா. ஒன்று, தம்பி பிறப்பதற்கு முன், ஒரு கல்யாணத்துக்கு. மற்றது, அவன் பிறந்தபின், ஊர்க் கோவிலில் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனத்துக்கு. முதல் தடவை என்றால் மாமா நல்ல உடம்போடு, வேண்டுமென்றே, அப்படி நிறுத்தி நிறுத்திப் பாடியிருக்கிறார். இரண்டாம் தடவை என்றால், மிச்சமிருந்த மூச்சுக்குத் தக்கபடி ஒரு பாட்டைச் செய்துகொண்டிருக்கிறார்.

போன ஞாயிறு ஃபோன் செய்து கேட்டேன்.

"எந்தப் பாட்டு?" என்றார். சொன்னேன். "அதுவா. நீங்கல்லாம் ஊருக்குப் போயிருந்தீங்க."

"எந்தத் தடவ மாமா? கல்யாணத்துக்கா, அசனத்துக்கா?"

 வாசலில் யாருக்கோ கேட்டைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் யாருட்டி குறிச்சு வச்சா," என்றார். "ஒனக்குத்தான் அந்தப் பாட்டு பிடிக்காதே."

சும்மா பாட்டு பதிவானது முதல் பயணத்தின்போதா, இரண்டாவதன்போதா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.