பிரேசில் பாட்டும் ஸ்னூஸ் கோப்பையும்

வாரநாட்களில் நான் மற்றவர்களின் இரத்தத்தோடும் சிறுநீரோடும் புழங்குகிறவள். ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை. சளி, சீழ், மலம் எல்லாம் சின்னப் போத்தல்களில் வரும். கையுறையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். மத்தியானம் கையைக் கழுவிவிட்டுச் சோறும் கறியும் சாப்பிடுவேன். அருவருப்பு எனக்கு வராத ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன், அந்த வானொலி நிலையத்துக் கோப்பையைப் பார்க்கும்வரை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. நகர மையத்தில் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் அந்த உள்ளூர் வானொலி இயங்கியது. சோமாலியர், குர்தியர், சிலி நாட்டவர் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நேரம். ஞாயிறு பின்னேரம் தமிழுக்கு ஒரு மணித்தியாலம். நான் அதில் செய்தி வாசித்தேன். ஒலிக்கருவிகளை இயக்கவும் அங்கேயே பழகியிருந்தேன்.

எங்களுக்கு அடுத்த மணித்தியாலம் பிரேசில் இசை. அதை நடத்தியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு நோர்வேஜியர். இளவயதில் ஒரு குளிர்காலத்தைப் பிரேசிலின் கடற்கரை ஊர் ஒன்றில் கழித்தவராம். அதற்குப் பிறகு அந்த நாடே தன் வீட்டு வளவு என்பதுபோலக் கதைப்பார். நாங்கள் அவரைப் பிரேசில்காரர் என்றே சொல்வோம். மேல் உதட்டுக்குள் எப்போதும் ஸ்னூஸ் வைத்திருப்பார். சின்னப் பையில் அடைத்த ஈரப் புகையிலை. அது ஊறி முடிந்ததும் விரலால் தோண்டி எடுத்து, பழைய கோப்பி மிச்சம் கிடக்கும் ஒரு கோப்பைக்குள் போடுவார். கோப்பையை ஒலிக்கருவி மேசையில் என் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் ஒலிபரப்புக் கலையகத்துக்குள் போவார். நிரம்பினாலும் கொட்டமாட்டார். பழுப்புத் தண்ணீரில் அந்தப் பைகள் ஊதிப்போய் மிதக்கும். ஆய்வுகூடத்தில் எதையும் தயங்காமல் எடுக்கும் நான், அதை மட்டும் பேனா முனையால் தள்ளிவைப்பேன்.

அவருடைய ஒலிப்பதிவு உதவியாளர் விலகிப்போனதும் அவர் என்னிடம் வந்தார். நோர்வேயில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான்; நான் சொன்னதைத் தமிழில் எழுதும்போது மட்டும் 'நீங்கள்' வந்துவிடுகிறது.

"நீ ஒரு மணித்தியாலம் கூட நின்று இந்தப் பொத்தான்களைப் பார்த்துக்கொள்வாயா? எனக்குத் தேவையில்லாத சீடிகளை நீ கொண்டுபோகலாம்."

சின்னச் சின்ன இசைக் கம்பனிகள் புதிதாக வெளியிடும் சீடிகளை அவருக்கு இலவசமாக அனுப்பின. அவற்றை அவர் எப்படித் தெரிந்தெடுப்பார் என்பதை முதல் ஞாயிறே பார்த்தேன். அட்டைப்படத்தைப் பார்ப்பார். பெண் இருந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் மறுபக்கம். பிறகு பெண்கள் இருக்கும் சீடிகளில் ஒவ்வொரு பாட்டிலும் தொடக்கத்தை மட்டும் ஓடவிட்டுத் தாவுவார். மறுபக்கத்தில் விழுந்தவை என் கைப்பைக்குள் வந்தன. சிலவற்றின் உறையில் அவருடைய பழுப்பு விரலடையாளம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஆய்வுகூடத்தில் செய்வதுபோல மதுசாரம் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் போடுவேன்.

நாங்கள் குடியிருந்த எல்லிங்ஸ்ருட்டிலிருந்து வேலைக்குச் சுரங்க ரயிலில் போகும்போதும் வரும்போதும் அவற்றைக் கேட்டேன். பிரேசில் என்றால் சம்பாவும் இறகு வைத்த தொப்பியும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சீடிகளில் கோபப்பட்ட பையன்கள் இருந்தார்கள். கனக்க நாள் அழுதுவிட்டு வந்ததுபோன்ற குரலில் ஒரு கிழவர் பாடினார். கணினியில் தாளம் போட்டு அதன்மேல் நாலு நரம்புச் சின்னக் கித்தாரைக் கீறிய ஒருவன் இருந்தான். சிலது சுத்தக் குப்பை. ஐரோப்பியக் கோப்பிக்கடைகளுக்கென்றே பழைய பாட்டுகளை வெந்நீரில் அவித்து எடுத்தமாதிரி. அவற்றையும் முழுக்கக் கேட்டேன்.

அப்படித்தான் அவளைக் கண்டுபிடித்தேன். ரெசிஃபே என்ற பிரேசில் நகரத்துப் பாடகி. அட்டையில் முகம் இல்லை, ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி மட்டும். அதனால் அந்தச் சீடி அவருடைய கையில் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. அவள் பாடுவது, சமைத்துக்கொண்டே யாரையோ ஏசுவதுபோல இருந்தது. முதல் தடவை வீட்டில் போட்டபோது, பாட்டின் நடுவில் குக்கர் சீறத் தொடங்கியது. நான் எழும்பிப்போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. குக்கர் பாட்டுக்குள் இருந்தது.

"என்னத்தைத் தேடுறீர்?" என்று கேட்டார் கணவர்.

"பாட்டுக்குள்ளை குக்கர் கத்துது."

அவர் வந்திருந்து கேட்டார். "ஓம், குக்கர்தான். ஆனா பாட்டெண்டால் ஒரு இழுவை வேணும். இவ கதைக்கிறா."

"கதைக்கிறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

"உமக்கு விளங்குதோ?"

உறைக்குள் ஆங்கிலத்தில் பாட்டின் பொருள் அச்சிட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன். கிழமையில் சில நாட்களே தண்ணீர் வரும் ஒரு தெரு. இரவில் குழாய் இருமும் சத்தம் கேட்டு வாளிகளோடு எழும்பும் பெண்கள். கணவர் அடுத்த பாட்டையும் இருந்து கேட்டார்.

அந்த ஞாயிறு நிலையத்தில், ஒலிபரப்புக்கு முன்னால் பிரேசில்காரரிடம் சொன்னேன். "நீங்கள் தூக்கிப்போட்ட சீடி ஒன்று. தண்ணீர்த்தொட்டிப் படம். கட்டாயம் கேளுங்கள். அந்தக் குரலில் அலங்காரம் இல்லை. வீட்டுச் சாமான்களே தாளம்."

அவர் தலையை ஆட்டினார். அரைமணி கழித்து ஒலிவாங்கியில் சொன்னார்: "இந்த வாரம் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்புச் செய்தேன் நேயர்களே! அலங்காரமில்லாத குரல், வீட்டுச் சாமான்களே தாளம்!" கலையகக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருந்த என்னைப் பார்த்து விரலைக் காட்டி, பாட்டைப் போடச் சொன்னார். சீடி என்னுடைய பையிலிருந்துதான் போனது. பிறகு அதுவே வழக்கமாயிற்று. நான் ஒலிபரப்புக்கு முன்னால் சொல்வது அவர் வாயால் வெளியே போகும், ஸ்னூஸ் எச்சிலோடு. சொல்லாமல் விடலாம் என்று நினைப்பேன். ஆனால் அந்தப் பாட்டுகளைப் பற்றிக் கதைக்க அவரைவிட்டால் எனக்கு ஆளில்லை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

மார்கழி தொடங்கும் நேரத்தில் அந்தப் பாடகியே ஒஸ்லோவுக்கு வந்தாள். ஒரு சின்ன அரங்கில் ஞாயிறு இரவு கச்சேரி. பின்னேரம் எங்கள் நிலையத்தில் பேட்டி. துணிச் சப்பாத்து நனைந்து, பல்லுக் கிடுகிடுக்க உள்ளே வந்தாள். முப்பது வயதிருக்கும். குண்டான, கண்ணாடி போட்ட பெண். பிரேசில்காரர் எதிர்பார்த்த உருவம் அதுவல்ல என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் "இது உங்கள் நாட்டு வழக்கம்" என்று சொல்லி அவளைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். ஸ்னூஸ் உதட்டுக்குள்தான் இருந்தது. அவள் திரும்பி, கையின் புறத்தால் கன்னத்தைத் துடைத்ததை நான் கண்டேன்.

போர்த்துக்கேய மொழியில் நாலு வசனத்தோடு அவருடைய சரக்குத் தீர்ந்தது. ஆங்கிலத்துக்கு மாறினார்கள். தொடங்குமுன் என்னிடம் சொன்னார்: "அவள் பேசத் தொடங்கியதும் குரலைக் குறைத்துப் பாட்டை ஏற்று. மேலே நான் நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொள்வேன். ஆங்கிலத்தை யார் கேட்பார்கள்?"

வானொலியில் அப்படிச் செய்வது உண்டு. நானும் செய்தேன். அவள் பேசினாள். நான் அவள் குரலுக்குரிய இழுபொத்தானைக் கீழே இழுத்தேன். வெளியே பாட்டு மட்டும் போனது. என் தலைக்கருவியில் அவள் முழுவதும் கேட்டாள். தமக்கையின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் பதிவு செய்தேன், நான் நீர்வழங்கல் படித்த பொறியியலாளர், அந்தத் தெருவில் குழாய் போடும் வேலையிலேயே இருந்தேன், வேலை நடக்காமல் நின்றுபோன கோபத்தில் எழுதிய பாட்டு அது என்று சொன்னாள்.

அவர் ஒலிவாங்கியை நெருங்கி, நோர்வேஜிய மொழியில் நேயர்களுக்குச் சொன்னார்: "எங்கள் இரத்தத்திலேயே தாளம் இருக்கிறது என்கிறாள். இந்தப் பாட்டு கடற்கரையில் காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றியதாம்."

தப்பாக விளங்கிக்கொண்டாரோ என்று பார்த்தேன். இல்லை. கேட்கவேயில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்: பிரேசில் பெண்கள் முதலில் இடுப்பால் பாடி, பிறகுதான் வாயால் பாடுவார்கள் என்பது உண்மையா? கேட்டுவிட்டு நாக்கால் உதட்டுக்குள் ஸ்னூஸை ஒதுக்கினார். அவள் நிதானமாக, "அப்படி என்றால் என்ன?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு நேயர்களிடம், "வெட்கப்படுகிறாள்!" என்றார்.

நான் அவருடைய பொத்தானை அடிவரைக்கும் இழுத்தேன். பாட்டை இறக்கினேன். அவளுடைய குரலை ஏற்றினேன். என் மேசையில் இருந்த ஒலிவாங்கியைத் திறந்து, ஆங்கிலத்தில் சொன்னேன்: "நீங்கள் தண்ணீரைப் பற்றிச் சொன்னது ஒன்றும் வெளியே போகவில்லை. இப்போது போகும். திரும்பச் சொல்வீர்களா?"

அவள் என்னைக் கலையகக் கண்ணாடியூடாகப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் கதிரையைத் திருப்பிக்கொண்டு, முதலிலிருந்து சொன்னாள். அவர் ஒலிவாங்கியைத் தட்டினார். ஊதினார். எனக்குக் கையைக் காட்டினார். என்னவோ கத்தினார், எனக்கு வாயசைவுதான் தெரிந்தது. நான் குக்கரைப் பற்றிக் கேட்டேன். அது தமக்கையின் பயறு குக்கர், அதை நிறுத்தச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சாப்பாடில்லை, அதனால் அதையும் சேர்த்தே பதிவுசெய்தோம் என்றாள். நான் சிரித்துவிட்டேன். அது வெளியே போனது.

முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தடித்த காலுறை எங்கே வாங்கலாம்? ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு, ரயில் நிலையத்தில்தான் பார்க்கவேண்டும் என்றேன். இரவு கச்சேரிக்கு நானும் கணவரும் போனோம். உல்லாசப்பயணிகளுக்கு விற்கும் கலைமான் படம்போட்ட காலுறையோடு, சப்பாத்தில்லாமல் மேடையில் நின்று பாடினாள். அந்த இரவு முழுவதும் எனக்கு எதன்மீதும் அருவருப்பு வரவில்லை.

நடுக்கிழமை எங்கள் தமிழ் நிகழ்ச்சியின் பொறுப்பாளர் தொலைபேசி எடுத்தார். ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் இருக்கும் அறுபது வயதுக்காரர். எல்லோருக்கும் அண்ணை.

"பிள்ளை, அந்த மனுசன் உம்மைப் பற்றி நிலையத்திலை முறைப்பாடு குடுத்திருக்கிறான். நீர் ஒரு மன்னிப்பு கேட்டால் அலுவல் முடிஞ்சுது."

"அண்ணை, அந்தாள் பொய் சொன்னவர். அவ சொன்னதை மாத்திச் சொன்னவர்."

"பிரேசில்காரியை என்ன சொன்னால் எங்களுக்கென்ன? எங்கடை நேரத்தைப் பறிச்சுப்போட்டால் என்ன செய்யிறது? எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தது."

"நான் மன்னிப்பு கேக்கமாட்டன் அண்ணை."

"சரி, சரி, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று வைத்துவிட்டார்.

அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது அடுத்த ஞாயிறு தெரிந்தது. செய்தி வாசித்துவிட்டு வெளியே வந்தேன். பிரேசில்காரர் நடைவழியில் நின்றார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு கிட்ட வந்து, ஸ்னூஸ் தோண்டிய அதே கையை என் தோளில் வைத்தார்.

"உனக்கு நரம்புத் தளர்ச்சி என்று உங்கள் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் சொன்னார். எனக்குத் தெரியாது. போரிலிருந்து வந்தவர்களுக்கு இப்படி வருமாம். நான் ஒன்றும் மனதில் வைக்கவில்லை. மருந்து எடுக்கிறாயா?"

தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டேன். "எனக்கு ஒரு நோயும் இல்லை. நீங்கள் அவள் சொல்லாததைச் சொன்னீர்கள். அதனால்தான் உங்கள் குரலைக் குறைத்தேன். இன்றைக்கும் அப்படிச் சொன்னால் இன்றைக்கும் குறைப்பேன்."

அவர் இன்னும் இரக்கத்தோடுதான் பார்த்தார். நான் என்ன சொன்னாலும் அதற்கு இப்போது நோய் என்று ஒரு விளக்கம் அவரிடம் இருந்தது. அவருக்குப் பின்னால் கலையக வாசலில் அண்ணை நின்றார். நேரே அவரிடம் போனேன்.

"எனக்கு நரம்பு வருத்தமெண்டு ஆர் சொல்லச் சொன்னது?"

"மெல்லக் கதையும் பிள்ளை. சனம் நிக்குது. உமக்காகத்தானே சொன்னனான்."

"எனக்காக இல்லை. உங்கடை நேரத்துக்காக."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "இப்ப ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே" என்றார். அவருடைய குரலில் நிம்மதிதான் இருந்தது. கோப்பையைக் கண்டு வந்த குமட்டல் கையைக் கழுவினால் போய்விடும். இது வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, படுத்த பிறகும் இருந்தது. கணவர் "விடும், அந்தாள் பயந்த மனுசன்" என்றார். பயந்த மனுசன் என்பது உண்மைதான். எனக்கு அது போதவில்லை.

நான் அதோடு வானொலிக்குப் போவதை விட்டேன். தமிழ் நேரத்தை ஒருவரும் பறிக்கவில்லை; பறிக்கும் எண்ணம் யாருக்கும் இருந்ததாகவும் தெரியவில்லை. பிரேசில்காரர் வேறு உதவியாளர் ஒருவரைப் பிடித்து இன்னும் கொஞ்சக்காலம் ஓட்டினார். பிறகு பிரேசில் அலுத்து, டாங்கோவுக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

சீடிகளை நான் கடையில் வாங்கத் தொடங்கினேன். இல்லாததைச் சொல்லிவைத்து எடுப்பேன். இரண்டு வருடம் கழித்து ரெசிஃபேக்காரியின் அடுத்த சீடி வந்தது. அட்டை முழுக்க அவள் முகம், கண்ணாடி இல்லாமல், ஈரத் தலைமுடியோடு, பின்னால் கடல். வாங்கி வந்து போட்டேன். வயலின் கூட்டம். பாதிப் பாட்டு ஆங்கிலத்தில். யாரையும் ஏசவில்லை. குரலை யாரோ நன்றாகத் தோய்த்து, இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தார்கள். இதை அவளே விரும்பிச் செய்தாளா, யாரும் செய்யவைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவள் பிழைக்கவும் வேண்டும். அப்படி நினைத்துப் பார்த்தும் எனக்கு ஆறவில்லை. நாலாவது பாட்டில் நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாதேயும்" என்றார் கணவர். "இது நல்லாயிருக்கு. இப்பதான் இழுத்துப் பாடுறா."

"இது அவளில்லை."

"அவதானே பாடுறா?"

நான் சீடியை வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அந்தச் சீடியைக் காரில் கொண்டுபோய் வைத்தார். கனக்க நாள் அங்கே கிடந்தது. நான் ஏறினால் மட்டும், நான் சொல்லாமலே பாட்டை நிறுத்திவிடுவார்.