வாறன் என்று சொல்லி மாட்டிக்கொண்டது

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த இரண்டு வருடமும் எங்கள் பகுதி உதைபந்தாட்ட அணி தோற்றுக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை அரைநாள் கந்தோர் வேலை முடிந்ததும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, அந்தத் தோல்வியைப் பார்க்க நானும் போய்க்கொண்டே இருந்தேன்.

மைதானத்தின் தகர வேலிக்குள் எப்போதும் ஒரே வழக்குத்தான். "நாங்கள் காசு குடுக்கக் குடுக்க இவங்கள் திருந்தமாட்டாங்கள். ஒரு மாசம் ஒருத்தரும் வராட்டித்தான் புத்தி வரும்" என்பார் என் பக்கத்தில் நிற்கிற ஒரு குமாஸ்தா.

"அப்ப நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"நீங்கள் வராம நிக்கிறீங்களோ எண்டு பார்க்க வந்தனான்."

எங்கள் கோல்காரனைப் பற்றி அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "அவன் தடிமன் காய்ச்சலைத் தவிர வேறொண்டும் பிடிக்கமாட்டான்!"

அந்தச் சிரிப்பெல்லாம் வேலிக்குள்ளேதான். வீட்டில் என் மனைவி. கலியாணமான கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்திருந்தேன். சிங்களம் ஒரு சொல் தெரியாது, தனியாக டிராமில் ஏறியதில்லை. கொழும்பில் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் வெள்ளவத்தையில் இருந்த அக்கா. ஞாயிற்றுக்கிழமையும் துறைமுகக் கந்தோரில் எனக்கு வேலை இருந்ததால், சனிக்கிழமை பின்னேரம் அங்கே கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். "இந்த ஒரு மேட்ச் மட்டும்" என்று வாராவாரம் சொன்னேன்.

ஆட்டம் பார்க்கப் போவதை விட்டுவிட நினைக்காமல் இல்லை. வாயிலில் டிக்கெட் கிழிப்பவர் ஒரு முஸ்லிம் பெரியவர்; நானா என்று கூப்பிடுவோம். இதுதான் கடைசி என்று மனதுக்குள் முடிவெடுத்து, "அப்ப வாறன் நானா" என்று விடைபெறுவேன். நம்மில் யார் வாயில் 'போறன்' வரும்? ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் டிக்கெட்டோடு என் வீட்டு வாசற்படலையில் நிற்பார்.

"வாறன் எண்டு சென்னீங்க தானே தம்பி? ஒங்களுக்கு எடம் வச்சீக்கிறன்."

அது விடைபெறுகிற சொல் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சிரிப்பார். நானும் வாங்கிக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை மனைவி கூறைச்சேலை உடுத்திக் கதவடியில் நின்றாள். "நான் அக்காட்டப் போறன்" என்றாள். எனக்கு ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது. "அடுத்த சனி கட்டாயம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினேன்.

முதல் கோல் எங்கள் பக்கம் விழுந்தது. "போச்சு! எல்லாம் போச்சு!" என்று குமாஸ்தா தலையில் கைவைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர்க் குழாயடிக்குப் போனாலும் 'போயிட்டு வாறன்' என்று சொல்கிறவள், இன்றைக்கு 'போறன்' என்றாள்.

சனத்தை இடித்துக்கொண்டு வாயிலுக்கு வந்தால், படலையில் சங்கிலி. வெளியே போகிறவர்கள் கிழித்த பாதி டிக்கெட்டைக் கொடுத்துக் கூட்டாளிகளை உள்ளே அனுப்பிவிடுவதால், இடைவேளைவரை பூட்டிவைப்பது வழக்கம். பின்னால் சனம் நெருக்கியது. தகரம் நெஞ்சில் சுட்டது.

"நானா, திறவுங்கோ!"

"இப்ப ஏலா தம்பி. போய்ட்டு வாறீங்களா?"

"இல்லை நானா. நான் போறன்."

அவர் முகம் மாறியது. "அந்தச் சொல்லைச் செல்லாதீங்க" என்றபடி சங்கிலியை அவிழ்த்தார்.

வீடு பூட்டியிருந்தது. டிராம் பிடித்துக் கோட்டைக்கு, அங்கிருந்து ரயிலில் வெள்ளவத்தைக்கு. வழியில் கண்ட சேலை எல்லாம் அவள் சேலையாகத் தெரிந்தது. அக்கா வீட்டு வாசற்படியில் அவள் இருந்தாள்.

"எப்பிடி வந்தனீர்?"

"டிராமில ஒரு மனுசி. நான் தமிழில கேட்டன், அவ சிங்களத்தில சொன்னா. விளங்கிட்டுது." பிறகு கேட்டாள்: "மேட்ச் முடிஞ்சுதோ?"

"இல்லை. நீர் 'போறன்' எண்டு சொன்னீர்."

"அப்ப, உங்கட காதில விழுந்ததுதான்" என்றாள்.

தேத்தண்ணி குடித்து முடித்தும் அவள் எழும்பவில்லை. "நான் கொஞ்ச நாள் அக்காவோட நிக்கிறன். நீங்கள் போங்கோ."

படியிறங்கி நின்றேன். "அப்ப… வாறன்" என்றேன்.

"எப்ப?" என்றாள்.

"சனிக்கிழமை. கந்தோர் விட்டவுடனை."